குதிரை அவிழ்த்த வண்டி: இழுவை வண்டிக் கம்பிகளை ஓய்வுக் காலத்தில் காப்பது எப்படி?

சான்பாடாவில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு டிரைலர் வண்டி புதிய காட்சி அல்ல. ஒரு பக்கம் சயான் - பன்வேல் நெடுஞ்சாலை. இன்னொரு பக்கம் துர்பே, அதை ஒட்டி வாஷி மொத்தச் சந்தை. தெற்கே போனால் உரண் சாலை, அதன் முடிவில் நவசேவா துறைமுகம். 1989 மே மாதம் அந்தத் துறைமுகம் திறக்கப்பட்டதிலிருந்து நாற்பது அடிப் பெட்டிகளைச் சுமக்கும் டிரைலர்கள் நம் வட்டாரத்தின் அங்கமாகிவிட்டன. எம்.எச். 43, எம்.எச். 46 எண் பலகைகளுக்கு நடுவே டி.என். 28, டி.என். 52 என்று கண்ணில் பட்டால், "அட, நாமக்கல் வண்டி", "சங்ககிரி வண்டி" என்று நம் மனம் தானே சொல்லிக் கொள்கிறது. (நாகாலாந்து எண்ணோடு ஓடும் வண்டிகளும் ஏராளம், அது வரிக் கணக்கு சம்பந்தப்பட்ட தனிக் கதை, இங்கே வேண்டாம்.)

இந்த வண்டியில் இரண்டு உறுப்புகள். முன்னால் இன்ஜின் உள்ள பகுதியை லைனில் 'கோடா' என்பார்கள், அதாவது குதிரை. பின்னால் சுமை தாங்கும் பகுதிதான் டிரைலர். வேலை முடிந்ததும் குதிரையை அவிழ்த்துக் கொண்டு போய்விடுவார்கள். டிரைலர் இரண்டு கால்களை ஊன்றிக் கொண்டு பத்து நாளோ பருவமழை முழுவதுமோ அப்படியே நிற்கும். அந்த நாட்களில் அதன் மின்கம்பிகளுக்கு என்ன ஆகிறது, என்ன செய்தால் அவை கெடாமல் இருக்கும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இதுவும் ஒரு பொருளா என்று சிலர் கேட்கலாம். வாகன மின்வேலையில் முப்பது ஆண்டு கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது உயிர் சம்பந்தப்பட்ட பொருள்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், பொகுட்டெழினியைப் புகழும்போது உப்பு வணிகரான உமணரை உவமைக்கு அழைக்கிறார். மேடு வருமோ பள்ளம் வருமோ யாருக்குத் தெரியும் என்று, அவர்கள் வண்டியின் அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டி வைத்திருப்பார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். பயன்படாத நேரத்தில் ஒரு பொருளை எங்கே, எப்படி வைப்பது என்பதை யோசித்த சமூகம் நம்முடையது. மாட்டு வண்டியை அவிழ்த்த பிறகு பூட்டாங்கயிற்றை மண்ணில் போட்டுவிட்டுப் போனால் வீட்டுப் பெரியவர் என்ன சொல்வார் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். டிரைலரின் மின் கேபிள்தான் இந்தக் காலத்துப் பூட்டாங்கயிறு. அதை மட்டும் ஏனோ தரையில் இழுபட விடுகிறோம்.

கேபிளுக்குள் இருப்பது ஏழு கம்பிகள். லாரிகளில் 24 வோல்ட் மின்சாரம். பிளக்கில் ஏழு பின்கள் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 1185 என்ற உலகத் தரத்தின்படி வெள்ளை எர்த், கறுப்பு இடப்பக்க டெயில் விளக்கு, மஞ்சள் இடது இண்டிகேட்டர், சிவப்பு பிரேக் விளக்கு, பச்சை வலது இண்டிகேட்டர், பழுப்பு வலப்பக்க டெயில் விளக்கு. ஏழாவது நீலம்; அதன் வேலை வண்டிக்கு வண்டி மாறும். ஏ.பி.எஸ். பிரேக் உள்ள புதிய டிரைலர்களில் அதற்கென்று தனி பிளக் உண்டு. இது தரம். நடைமுறையில் நான் பிரித்துப் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல், கையில் கிடைத்த நிறத்தில் கம்பியை மாட்டி ஓட்டிக் கொண்டிருந்தன. அதனால் நிறத்தை நம்பிக் கைவைக்காமல் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுவதே நல்லது.

நம் ஊர் வண்டிகளில் கேபிள் இரண்டு விதமாக இருக்கிறது. சிலவற்றில் இருபுறமும் பிளக் உள்ள சுருள் கேபிள். அவிழ்த்ததும் அது குதிரையோடு போய்விடும், டிரைலரின் முகப்பில் மூடி போட்ட சாக்கெட் மட்டும் நிற்கும். மற்றவற்றில் கேபிள் டிரைலரோடு ஒட்டிப் பிறந்தது போல இருக்கும். அவிழ்த்ததும் பிளக் முனை முன்னால் தொங்கும், அல்லது தரையில் கிடக்கும். நம் கவலைக்குரியது முக்கியமாக இந்த இரண்டாவது வகைதான்.

முதல் எதிரி உப்பு. தாணே கழிமுகத்தை ஒட்டித்தான் நாம் வாழ்கிறோம். பாம் பீச் சாலைக்கு அந்தப் பக்கம் சதுப்புக் காடு. எதிர்க்கரையில் பாண்டுப், காஞ்சூர்மார்க் உப்பளங்கள். உரண் பக்கம் போனால் அங்கும் உப்பளம். காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் எப்போதும் மிதக்கிறது. அது பித்தளைப் பின்கள் மேல் படிகிறது. படிந்த உப்பு சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசைக்காரன். 33 விழுக்காடு ஈரம் போதும் அதற்கு. வீட்டில் கல்லுப்பு ஜாடி மழைக் காலத்தில் நீர் விட்டுக் கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். அதே ஜாடி நீர் டிரைலர் பிளக்கின் உள்ளேயும் ஊறிக் கொண்டிருக்கிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மும்பையில் அந்த ஈரப் படலம் முழுமையாகக் காய்வதே இல்லை. மழை நேராகப் பட வேண்டும் என்ற அவசியம்கூடக் கிடையாது. கூரைக்கடியில் நிறுத்தினாலும் இது நடக்கும்.

விளைவு, பின்களின் மேல் பச்சைப் பூஞ்சை போன்ற படிவு. அது செம்பின் குளோரைடு உப்பு. மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தாது. இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடப்பது. கம்பி என்பது ஒரே கம்பி அல்ல, மெல்லிய இழைகளின் கட்டு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அந்தக் கட்டு உப்பு நீரை உறைக்குள்ளே உறிஞ்சிக் கொள்ளும். பிளக்கைக் கழற்றிக் கம்பியைச் சீவிப் பார்த்தால் செம்பு கறுத்துப் போயிருக்கும், ஈயம் ஒட்டாது. பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக் கொண்டே போக வேண்டும். சில வண்டிகளில் ஒரு முழம் வெட்டியும் கறுப்பு தீரவில்லை. ஈயப் பூச்சுள்ள இழைகளால் ஆன கம்பி, கப்பல் வேலைக்கு வருவது, இந்த நோயை நன்றாகத் தாங்கும். விலை கூட என்று நம்மவர்கள் வாங்குவதில்லை.

கொஞ்சம் துரு ஏறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. மேலே சொன்ன ஏழில் வெள்ளைக் கம்பிதான் குடும்பத் தலைவி மாதிரி. மற்ற விளக்குகளுக்குப் போன மின்சாரம் அத்தனையும் இந்த ஒரு கம்பி வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். இரவில் பிரேக் பிடித்து, ஒரு பக்கம் இண்டிகேட்டரும் போட்டால், பழைய பல்புக் கணக்கில் 21 வாட் மூன்று, 5 வாட் இரண்டு, ஆக 73 வாட். வெள்ளைப் பின்னில் துருவால் ஒரே ஒரு ஓம் தடை ஏற்பட்டது என்று வைத்துக் கொள்வோம். 24 வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு அந்த இடத்திலேயே தொலைந்து போகும். பல்பின் ஒளி வோல்ட்டைவிட வேகமாக விழும் என்பதால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இதையே 12 வோல்ட் வண்டியில், அதாவது காரிலோ மோட்டார் சைக்கிளிலோ இழுக்கும் சிறு டிரைலரில் போட்டுப் பாருங்கள்: மூன்றில் ஒரு பங்கு வோல்ட் போய்விடும், வெளிச்சம் கால் பங்குதான் மிஞ்சும்! வண்டி சிறிதாக ஆக, சுத்தமான இணைப்பு அதிகமாக வேண்டியிருக்கிறது.

வெள்ளைக் கம்பி அடியோடு விட்டுப் போனால் வேடிக்கை பார்க்கலாம். இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் விளக்கும் சேர்ந்து மினுக்கும். பிரேக் மிதித்தால் இருப்பதும் மங்கும். திரும்பி வர வழி இல்லாத மின்சாரம் மற்ற பல்புகளுக்குள் புகுந்து குறுக்கு வழி தேடுகிறது. டிரைவர் "பல்பு போச்சு" என்று நினைத்துப் பல்பாக மாற்றிக் கொண்டிருப்பார். நோய் பின்னால் இல்லை, முன்னால் பிளக்கில்.

நான் சொன்ன உயிர் விஷயம் இங்கேதான் வருகிறது. எங்கள் கட்டடத்துப் பையன் ஒருவன், பன்வேல் பக்கம் வேலை முடித்து இரவு பைக்கில் திரும்பும்போது, முன்னால் மெல்லப் போய்க் கொண்டிருந்த காலி டிரைலரின் பின்புறத்தில் மோதினான். டிரைலரில் பெட்டி இல்லை. வெறும் சட்டம் மட்டும். இருட்டில் வெறும் சட்டம் சாலையோடு கலந்துவிடும். பையன் பிழைத்தான், ஆனால் இடது காலைப் பழையபடி ஊன்ற இரண்டு வருடம் ஆயிற்று. டிரைவர் சேலம் மாவட்டத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். காவல் நிலையத்தில் மொழி உதவிக்காக என்னைக் கூட்டிப் போனார்கள். "பூட்டறப்பப் பாத்தேனுங்க ஐயா, எரிஞ்சுதுங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. துருப்பிடித்த இணைப்பு அப்படித்தான். செருகின உடனே உராய்வில் ஒட்டிக் கொண்டு எரியும். பத்து கிலோமீட்டர் குலுங்கினால் விட்டுவிடும். கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. டாஷ்போர்டில் எரியும் பச்சை விளக்கு குதிரையின் கதையைத்தான் சொல்லும், டிரைலரின் கதையை அல்ல.

மழைக் காலத்தில் துர்பே பக்கம் நடந்தால், நிறுத்தி வைத்த டிரைலர் ஒவ்வொன்றின் பிளக்கும் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். இங்கே அதற்குப் 'பன்னி' என்று பேர். நாமக்கல் டிரைவர் தம்பி ஒருவரிடம் இதைப் பற்றி வாக்குவாதமே நடந்தது.

"நல்லா இறுக்கி, டேப் சுத்தி வெச்சுட்டங்ணா. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாதுங்."

"உள்ள இருக்கிற தண்ணி எப்படித் தம்பி வெளிய போகும்?"

அவர் யோசித்தார். கேள்வி அதுதான். பையைக் கட்டும்போதே உள்ளே ஈரக் காற்று இருக்கிறது. பகலில் வெயில் பட்டு அது சூடாகும்; இரவில் குளிர்ந்து பித்தளை மேல் வியர்வையாக இறங்கும். சோற்றுப் பானை மூடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மறுநாள் மறுபடி வெயில், மறுபடி வியர்வை. வெளியே போக வழி இல்லாததால் பைக்குள் தினமும் ஒரு சின்ன மழை பெய்கிறது. என் அனுபவத்தில், பன்னி கட்டி நான்கு மாதம் வைத்த பிளக், சும்மா கீழ்நோக்கித் தொங்கிய பிளக்கைவிட அதிகம் கெட்டிருந்தது. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மேல்பக்கம் மட்டும் குடை போல மூடி, கீழே திறந்து விடுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் வரும். காற்று கீழிருந்து போய் வரட்டும்.

சரியான வழி அதைவிட எளிது. மின்சாரம் இல்லாத ஒரு வெற்று சாக்கெட்டை டிரைலரின் முகப்புச் சட்டத்தில் இரண்டு போல்ட் போட்டு, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்திவிட வேண்டும். அவிழ்த்ததும் பிளக்கை அதில் செருகிவிட்டால் போதும். பழைய, உள்ளே கம்பி இல்லாத சாக்கெட் எந்த வொர்க்ஷாப் மூலையிலும் கிடக்கும். ரயில்வேயில் இதைச் செய்கிறார்கள்: கடைசிப் பெட்டியின் மின் இணைப்பு பிளக்குகளை வெறுமனே தொங்க விடாமல் டம்மி சாக்கெட்டில் செருகி வைப்பார்கள். கேபிள் பிளக்குக்கு வரும் முன் அதைவிடத் தாழ்வாக ஒரு வளைவு விட்டு மேலேறி வர வேண்டும். கேபிள் வழியாக வழியும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது. கிராமத்தில் கொடிக் கயிற்றை வீட்டுக்குள் கொண்டு வரும்போது தொய்வு விடுவார்களே, அதே சூத்திரம். வளைவு முழங்கால் உயரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு, தரையோடு கிடக்கும் எதுவும் தப்பாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செருகுவதற்கு முன் பின்களைத் துடைக்க வேண்டும். உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீரால்தான் கழுவ முடியும். கழுவி, நன்றாகக் காயவிட்டு, காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கலாம். எமரிக் காகிதம் போட்டுச் சுரண்டினால் மேல்பூச்சு போய்விடும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பச்சை ஏறும். பிறகு சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவ வேண்டும். "கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாதே, எப்படி எரியும்?" என்று கேட்பார்கள். கடத்தாது என்பதே அதன் சிறப்பு. பின்னும் குழியும் அழுந்தித் தொடும் இடத்தில் கிரீஸ் ஒதுங்கிவிடும். தொடாத இடங்களை நிரப்பி ஈரத்தை வரவிடாமல் தடுக்கும். ஏழு பின்களுக்கும் நடுவே அது கடத்தினால்தான் ஆபத்து. பேட்டரி முனைக்குப் பூசும் வாசலினைப் பலர் இங்கும் பூசுகிறார்கள். உலோகத்துக்கு அது சரி. ரப்பர் பூட்டை நாளடைவில் ஊத வைத்து இளக்கிவிடும்.

குதிரைப் பக்கத்து சாக்கெட்டை மறந்துவிடக் கூடாது. அதன் ஸ்பிரிங் மூடி உடைந்து போன வண்டிகள் எத்தனை! டிரைலர் பிளக் அவிழ்த்த பின் செத்த பிளக். அதில் மின்சாரம் இல்லை. குதிரையின் சாக்கெட் அப்படி அல்ல. விளக்கு போட்டு ஓட்டும்போதெல்லாம் அதில் உயிர் இருக்கிறது. உப்பு ஈரம் பட்டால் மின் பின்னிலிருந்து எர்த் பின்னுக்கு மின்சாரம் கசியும்; கசியும்போது மின் பின்னின் உலோகம் கரைந்து போகும், மின்முலாம் பூசும் தொட்டியில் நடப்பது போல. அதனால்தான் தனியாக ஓடும் குதிரையின் சாக்கெட் நிற்கும் டிரைலரைவிட வேகமாகச் சாகிறது. ஐம்பது ரூபாய் மூடிக்குக் கஞ்சத்தனம் பிடித்து ஹார்னஸ் முழுவதையும் மாற்றுகிறோம்.

எலிக்கு வருவோம். சந்தையை ஒட்டிய பகுதி என்பதால் நமக்கு எலி மட்டுமல்ல, பெருச்சாளியும் உண்டு. (ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பேண்டிகூட் என்ற பெயரே தெலுங்கின் பந்திகொக்கு என்ற சொல்லிலிருந்து போனது. நம் அயலார் கொடுத்த பெயரோடு அது உலகம் சுற்றுகிறது.) கொறிக்கும் பிராணிகளின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்து கொண்டே இருப்பதால் எதையாவது தேய்த்துத்தான் ஆக வேண்டும், கம்பியில் ருசி இருக்க வேண்டும் என்பதில்லை. நாப்தலீன் உருண்டை, புகையிலை எல்லாம் நாலு நாள் வாசனை, அவ்வளவுதான். சட்டத்துக்குள் ஓடும் கம்பியை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, குழாயின் இரு வாயையும் அடைத்து, டிரைலர் மேல் சாக்கு, கயிறு, சிந்திய தானியம் எதுவும் இல்லாமல் பெருக்கி வைப்பதே நிலைக்கும் வழி. வெயில் மெதுவான எதிரி. பி.வி.சி. உறையை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருள் வெப்பத்தில் வெளியேறிவிட, உறை அப்பளம் போல் நொறுங்கும். சுருள் கேபிளைப் பெரிய வளையமாகச் சுற்றி நிழலில் மாட்டுங்கள். செம்புக்காகக் கேபிளை அறுத்துப் போகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் இருந்தால் கழற்றக் கூடிய கேபிளைக் கேபினுக்குள் பூட்டி வைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் கோல்டு விங் போன்ற பெரிய மோட்டார் சைக்கிள்களின் பின்னால் சிறு டிரைலர் மாட்டிச் சுற்றுலா போகிறார்கள். அங்கே நான்கு கம்பித் தட்டை இணைப்பு வழக்கம்: வெள்ளை எர்த், பழுப்பு டெயில், மஞ்சள் இடது, பச்சை வலது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வண்டிப் பக்கத்து முனையில் மின்சாரம் உள்ள மூன்றும் ரப்பருக்குள் ஒளிந்திருக்கும்; வெளியே நீட்டிக் கொண்டிருப்பது எர்த் ஒன்று மட்டும். டிரைலர் பக்கம் நேர்மாறு. ஆகவே டிரைலர் இல்லாமல் பைக் மட்டும் ஓடும்போது அந்த முனை சட்டத்தில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. இருந்தும் அதை நம்பித் தொங்கவிடக் கூடாது. பின்சக்கரமும் சூடான சைலன்சரும் அருகில். ஒரு தொப்பி போட்டு, சீட்டுக்கு அடியில் கொண்டு போய்க் கட்டிவிடுவதுதான் பத்திரம். நம் ஊரில் பைக்குக்குப் பின்னால் தண்ணீர் கேன் வண்டி இழுப்பவர்களைப் பார்க்கிறேன். அவற்றில் பலவற்றுக்கு விளக்கே கிடையாது, கம்பியைக் காப்பது எங்கே!

குதிரை இல்லாமல் நிற்கும் டிரைலருக்கு பேட்டரி இல்லை. எத்தனை நல்ல கம்பி இருந்தாலும் விளக்கு எரியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, வண்டியை மட்டுமல்ல டிரைலரையும் பிறருக்கு ஆபத்தாகும்படி பொது இடத்தில் விட்டுச் செல்லக் கூடாது என்கிறது. சர்வீஸ் சாலைகளைப் பார்த்தால் அப்படி ஒரு பிரிவு இருப்பதே சந்தேகமாக இருக்கும். நிற்கும் டிரைலரைக் காட்டிக் கொடுப்பது பின்னால் ஒட்டிய சிவப்பு மின்னும் பட்டை ஒன்றுதான். அதற்குக் கம்பி வேண்டாம், ஈரத் துணி போதும். பிளக்கைத் துடைக்கும் கையோடு அதையும் துடைத்துவிடலாம்.

மறுபடி பூட்டும் நாளில் செருகிவிட்டு ஒரு தடவை எரிகிறதா என்று பார்த்தால் போதாது. மேலே சொன்ன சேலத்துக்காரரும் அதைத்தான் செய்தார். விளக்குகளைப் போட்டு வைத்து, பின்னால் ஒருவரை நிறுத்தி, பிளக்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைக்க வேண்டும். ஏதாவது ஒன்று மினுக்கினால் அந்தப் பின் பிடிக்கவில்லை என்று பொருள். பிளவுபட்ட பித்தளைப் பின்னாக இருந்தால் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் லேசாக அகட்டிவிட்டால் பிடிமானம் வரும். பிறகு டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் போட்டால் வெள்ளைக் கம்பியின் குறை தெரியாது, எல்லாம் சேர்ந்து சுமை ஏறும்போதுதான் அது வாய் திறக்கும். துறைமுகத்துக்குப் போகிறவர்கள் முதல் டீக்கடையில் நிறுத்தும்போது இறங்கிப் பின்னால் ஒரு நடை போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு டீ குடிக்கலாம்.